குழுவில் பேர் வாங்கிய பாடகர் அடுத்து எங்கே போவது: தனி ஆல்பமா, பின்னணியா, திருவிழா மேடையா?

காரைக்குடியில் ஐந்து பையன்கள் சேர்ந்து பாடுகிறார்கள். கல்லூரிக் கலைவிழாவில் ஆரம்பித்தது, யூடியூபில் போட்ட சில பாட்டுகள் நன்றாக ஓடின, இப்போது மாசி பங்குனி வந்தால் விழாக் கமிட்டிக்காரர்களே தேடி வந்து தேதி கேட்கிறார்கள். அதில் நடுவில் நின்று பாடுகிற தம்பிக்குத்தான் இப்போது சங்கடம். சென்னையில் ஒரு கம்பெனி, "நீங்க மட்டும் வாங்க, தனி ஆல்பம் போடலாம்" என்கிறது. ஒரு இசையமைப்பாளரின் உதவியாளர் டிராக் பாட, அதாவது படத்துப் பாட்டை மாதிரிக்கு முதலில் பாடிக் கொடுக்க, வரச் சொல்கிறார். கூட இருக்கும் நாலு பேரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வீட்டில் அப்பச்சி, அதாவது அவன் அப்பா, வங்கித் தேர்வுக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறார். "அண்ணே, தனியாப் போயிரவா?" என்று என்னிடம் வந்து கேட்டான். நான் மேடைகளுக்கு ஒலி அமைக்கிற வேலையில் இருப்பவன், பாடுகிறவர்களைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறவன். அவனுக்குச் சொன்னதையும் அப்போது சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நிற்கிற பிள்ளைகள் தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவைக் கலைக்க வேண்டாம், ஆனால் அவரவர் கணக்கை இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். தனி ஆல்பம் கட்டாயம் போட வேண்டியதுதான், ஆனால் உன்னோடு உட்கார்ந்து பாட்டு செய்ய ஒரு சரியான ஆள் கிடைத்த பிறகு. அதற்கு முன்னால் எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் கையெழுத்துப் போடாதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பாய் பேண்டிலிருந்து, அதாவது பையன்கள் மட்டும் சேர்ந்து பாடும் குழுவிலிருந்து, வெளியே வந்தவர்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், குரல் நன்றாக இருந்தவர்தான் ஜெயித்தார் என்று சொல்லவே முடியவில்லை. டேக் தட் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் மான்செஸ்டரில் ஐந்து பேரைச் சேர்த்து உருவாக்கிய குழு. கேரி பார்லோதான் அதற்கு முதுகெலும்பு, பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் முன்னால் நின்று பாடுவதும் பெரும்பாலும் அவரே. ராபி வில்லியம்ஸ் இருப்பதிலேயே வயதில் சின்னவர், சேட்டைக்காரர், எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று தெரியாது. 1995 ஜூலையில் ராபி வெளியேறினார். 1996 பிப்ரவரியில் மிச்ச நாலு பேரும் குழு கலைந்தது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் இனிமேல் பார்லோ காலம்தான் என்று சொல்லியிருப்பார்கள். 1997இல் அவருடைய முதல் தனி ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடத்துக்கும் வந்தது. 1999இல் வந்த இரண்டாவது ஆல்பம் படுத்துவிட்டது, கம்பெனி அவரைக் கைகழுவியது.

ராபி பக்கம் வேறு மாதிரி. 1996இல் அவர் விட்ட முதல் தனிப்பாட்டு சொந்தப் பாட்டே இல்லை, ஜார்ஜ் மைக்கேலின் பாட்டைத் திரும்பப் பாடியது. 1997இல் வந்த முதல் ஆல்பமும் ஆரம்பத்தில் சுமாராகத்தான் போனது, அத்தோடு கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் அதே ஆல்பத்திலிருந்து 'ஏஞ்சல்ஸ்' என்ற பாட்டைத் தனியாக வெளியிட்டார்கள், நிலைமை தலைகீழாக மாறியது, சில மாதம் கழித்து ஆல்பமே முதலிடத்துக்கு ஏறியது. 2002இல் இ.எம்.ஐ. கம்பெனியோடு 8 கோடி பவுண்டு ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. 2003 ஆகஸ்டில் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று நாள் கச்சேரிக்கு 3,75,000 பேர் வந்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது? ராபிக்கு 'கை சேம்பர்ஸ்' (Guy Chambers) என்று ஒருவர் கிடைத்தார். பியானோவில் உட்காரத் தெரிந்தவர், ஒரு மெட்டை முழுப் பாட்டாகக் கட்டி எழுப்பத் தெரிந்தவர். ராபியிடம் சொல்வதற்கு விசயம் இருந்தது, துணிச்சல் இருந்தது, அதைப் பாட்டாக்குகிற கைப்பழக்கம் இவரிடம் இருந்தது. பார்லோவுக்கு எல்லாம் தானே தெரியும், அதனால் தன்னோடு மல்லுக்கட்ட ஒருவர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது என்பது என் ஊகம்.

இது ஒரு கதைதானே என்று சொல்லலாம். சரி, என்சிங்க் குழுவுக்கு வருவோம். 2000 மார்ச்சில் அவர்கள் ஆல்பம் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 24 லட்சம் பிரதி விற்றது. 2002 நவம்பரில் ஜஸ்டின் டிம்பர்லேக் தனி ஆல்பத்தோடு வந்தபோது அவருக்குப் பின்னால் நெப்டியூன்ஸ் இருவரும் டிம்பலாண்டும் இருந்தார்கள், அந்தக் காலத்தில் அமெரிக்கத் தாளத்தையே மாற்றிக்கொண்டிருந்த இசைத் தயாரிப்பாளர்கள். அதே குழுவில் ஜே.சி. சாஸே என்று ஒருவர், குரலில் டிம்பர்லேக்குக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை, என்னைக் கேட்டால் ஒரு படி மேல். 2004இல் அவர் தனி ஆல்பம் போட்டார், அது அந்த அளவுக்குப் போகவில்லை. ஒன் டைரக்ஷன் குழுவின் ஹேரி ஸ்டைல்ஸை எடுத்துக்கொண்டாலும், 2017இலிருந்து கிட் ஹார்பூன், டைலர் ஜான்சன் என்ற அதே இருவரைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்து, 2023இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார்.

விதிவிலக்கு ஜார்ஜ் மைக்கேல். வாம் இருவர் குழுவை 1986இல் முடித்துவிட்டு மறு வருடமே ஆல்பம் போட்டு 1989இல் கிராமி வாங்கினார், அந்த ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் அவரே எழுதி அவரே தயாரித்தது. ஆனால் வாம் நாளிலேயே பாட்டு எழுதியவர் அவர்தான். தம்பி, நீயே மெட்டுப் போட்டு நீயே எழுதி அதை ஊர் பாடுகிறது என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுக் கிளம்பலாம். உங்கள் குழுப் பாட்டுகளுக்கு மெட்டுப் போடுவது கீபோர்டு வாசிக்கிற பையன். அவன் உன்னோடு வருகிறானா என்று அந்தக் கம்பெனி கேட்டதா?

தனி ஆல்பத்தில் இன்னொரு விசயத்தையும் யாரும் யோசிப்பதில்லை, அது மேடை. ஜெய்ன் மாலிக் 2015 மார்ச்சில் ஒன் டைரக்ஷனை விட்டு வெளியே வந்தார், ஒரே வருடத்தில் ஆல்பம், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். ஆனால் தனியாக மேடை ஏறும் பதற்றம் அவரைப் படுத்தி எடுத்தது, 2016 ஜூனில் லண்டன் நிகழ்ச்சி ஒன்றை அதனாலேயே ரத்து செய்தார், அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். தனியாகச் சுற்றுப்பயணம் கிளம்ப 2024 ஆகிவிட்டது. ஐந்து பேராக நிற்கும்போது ஒருவன் மூச்சு வாங்கினால் இன்னொருவன் வரியைப் பிடித்துக்கொள்வான், ஒருவன் பேசினால் இன்னொருவன் தண்ணீர் குடிப்பான். தனியாகப் போனால் இரண்டு மணி நேரமும் அத்தனை கண்ணும் ஒரே ஆள் மேல். அதே குழுவின் லியாம் பெயின், கூட்டத்தின் கூச்சலிலிருந்து ஓட்டல் அறைக்குத் திரும்பி அடைந்து கிடக்கும் தனிமையைப் பற்றிப் பேசியவர், 2024 அக்டோபரில் 31 வயதில் இறந்துபோனார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தனியாகப் போகிறவனுக்கு இரவு பன்னிரண்டு மணிக்குப் போன் எடுக்க ஓர் ஆள் வேண்டும், அதையும் ஏற்பாடு செய்துகொண்டு போ என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது பின்னணிப் பாட்டு. நம் ஊரில் பாடுகிற பிள்ளை என்றாலே சினிமாவில் பாடினாயா என்றுதான் கேட்பார்கள், அதனால் இந்த வழிக்கு இழுப்பு அதிகம். குழுவிலிருந்து இந்தப் பக்கம் போய் நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்.எஸ். மியூசிக் சேனல் தேர்ந்தெடுத்து உருவாக்கிய எஸ் 5 குழுவில் இருந்த பென்னி தயாள், 2007 'சிவாஜி'யில் எஸ்.பி.பி.யோடு ரகுமான் இசையில் பாடினார், அதற்குப் பிறகு இந்தியிலும் பெரிய பெயர். அவர் செய்த நல்ல காரியம், சினிமாவில் பாடிக்கொண்டே சொந்தமாக ஒரு பேண்டும் வைத்துக்கொண்டது. இன்னும் பின்னால் போனால் அண்ணன் தம்பிகளாகப் பாவலர் பிரதர்ஸ் என்று ஊர் ஊராகக் கச்சேரி செய்த இளையராஜா, சென்னைக்குப் போய் உடனே இசையமைக்கவில்லை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வருடக்கணக்கில் இருந்து, 1976இல்தான் முதல் படம்.

ஆனால் இந்த வழியில் அழைப்பு உன் கையில் இல்லை. டிராக் பாடக் கூப்பிடுவார்கள், நீ உயிரைக் கொடுத்துப் பாடுவாய், படம் வரும்போது வேறு ஒருவர் குரல் இருக்கும். அதில் யார் மேலும் தப்பில்லை, வேலையே அப்படித்தான் நடக்கிறது. குழுவில் பேர் வாங்கியவனுக்கு இது கூடுதலாக வலிக்கும். மேடையில் முகத்துக்காகக் கைதட்டு வாங்கிப் பழகியவன், கண்ணாடி அறைக்குள் நின்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, வெளியே வந்து ரயில் பிடித்து ஊருக்கு வர வேண்டும்.

குரல் விசயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பையன்கள் தங்கள் பாட்டுகளைப் பதிவு செய்தது ஒரு பழைய வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுப்பான சுவர், உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம். அங்கே நின்று ஒரு 'ஆ' சொன்னால் போதும், சுவரும் தரையும் சேர்ந்து அதை இழுத்து நீட்டி உருட்டிக் கொடுக்கும். அந்தக் கார்வைதான் அவர்கள் வீடியோக்களுக்குப் பாதி அழகு. ஸ்டுடியோ அறைக்குள் அது ஒன்றுமே இருக்காது, சுவரெல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும், மூச்சு இழுப்பது, எழுத்தை முழுங்குவது, நீட்டும்போது சுருதி கால் இம்மி இறங்குவது எல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே இதைச் சோதித்துவிடலாம். மெத்தை, ஜமக்காளம், துணி அடுக்கிய பீரோ எல்லாம் இருக்கிற சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு, எந்த எக்கோவும் போடாமல், ஹெட்போனில் மைனஸ் டிராக்கை, அதாவது குரல் இல்லாத வெறும் இசையை, கேட்டுக்கொண்டு பாடிப் பதிவு செய். மறுநாள் காலையில் குரலை மட்டும் தனியாகப் போட்டுக் கேள். அது உனக்கே பிடித்தால் பின்னணி வாய்ப்பைத் தேடிப் போ. பிடிக்கவில்லை என்றால் ஒரு நல்ல வாத்தியாரிடம் சில மாதம் உட்கார்ந்துவிட்டுப் போ.

மூன்றாவது வழி, நான் சொல்கிற வழி. எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்து வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீடு அதேதான், வளவு பொது, விசேசம் பொது, சாமி பொது. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி அறை, தனி வரவு செலவு. யாரும் யாரோடும் சண்டை போட்டுப் பிரியவில்லை, யாரும் யார் கணக்கையும் சுமக்கவும் இல்லை. பாட்டுக் குழுவுக்கும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

இன்றைக்கு உலகத்தில் பெரிய குழுக்களே இந்தப் பக்கம் வந்துவிட்டன. கொரியாவின் பி.டி.எஸ். 2022 ஜூனில் இனி தனித்தனி வேலைகளிலும் கவனம் வைக்கப் போகிறோம் என்று சொன்னது, குழு கலையவில்லை. ராணுவ சேவைக்கு ஒவ்வொருவராகப் போன காலத்தில் தனிப்பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன, ஜிமின் 2023இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார், ஜங்குக்கும் பிடித்தார். 2025 ஜூனில் ஏழு பேரும் சேவை முடித்தபோது திரும்பி வர ஒரு குழு இருந்தது. பெண்கள் குழுவான பிளாக்பிங்க் இன்னும் தெளிவாகச் செய்தது. 2023 டிசம்பரில் குழுவாகச் செய்யும் வேலைக்கு மட்டும் பழைய கம்பெனியோடு ஒப்பந்தம், தனி வேலைக்கு நாலு பேரும் அவரவர் வழி. நம் பக்கம் ஹிப்ஹாப் தமிழாவைப் பாருங்கள். ஆதி கதாநாயகனாகவே நடிக்கிறார், போஸ்டரில் அவர் முகம்தான். படத்துக்கு இசை என்று பேர் போடும்போது ஆதியும் ஜீவாவும் சேர்ந்த அதே பேர்.

இதில் கஷ்டம் இல்லையா என்றால் இருக்கிறது. தனியாகப் பாடப் போன அன்றைக்கே கமிட்டிக்காரர் குழுவுக்குத் தேதி கேட்பார். யார் தேதிக்கு முன்னுரிமை என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் மூன்றாவது தடவை சண்டை வந்தே தீரும். அதனால் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மாசியிலிருந்து வைகாசி வரை குழுவுக்கு, ஆனியிலிருந்து தை வரை அவரவருக்கு என்று பிரித்துக்கொள்வது நம் ஊர்த் திருவிழாக் காலத்துக்கு ஒத்துவரும். அப்புறம் யூடியூப் சேனல். அது யாருடைய ஜிமெயிலில் திறந்தது? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? விளம்பரப் பணம் யார் வங்கிக் கணக்குக்கு வருகிறது? இந்த ஐந்து பேரிடம் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பெயரைப் பயன்படுத்தலாமா, பழைய பாட்டுகளைத் தனி மேடையில் பாடலாமா, மெட்டுப் போட்டவனுக்கு எவ்வளவு, பாடியவனுக்கு எவ்வளவு, இதெல்லாம் ஒரு தாளில் வரட்டும். ஐந்தொகை எழுதிப் பார்த்த ஊர் இது, கணக்குப் பார்ப்பதை நட்புக்குக் கேடு என்று இங்கே யாரும் நினைக்கத் தேவையில்லை.

குழுவின் பெயருக்கு இன்றைக்குத் தெரியாத மதிப்பு பின்னால் வரும். டேக் தட் நாலு பேராக 2006இல் திரும்ப மேடை ஏறியபோது முன்னைவிடப் பெரிய கூட்டம், கை கழுவப்பட்ட பார்லோதான் மறுபடி முன்னால். 2010இல் ராபியும் திரும்ப வந்து ஒரு ஆல்பத்தில் சேர்ந்து பாடினார். வெஸ்ட்லைஃப் 2012இல் முடித்துவிட்டு 2018இல் திரும்பியது. அதன் முன்னணிப் பாடகர் ஷேன் ஃபிலான், அத்தனை வருடம் சம்பாதித்த பிறகும், நிலம் கட்டடம் என்று போட்ட முதலீடு கவிழ்ந்து 2012இல் திவால் ஆனார். குழுப் பெயர் உயிரோடு இருந்ததால் மறுபடி மேடை கிடைத்தது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் 1993இலிருந்து இன்றுவரை கலையவே இல்லை, நடுவில் ஒருவர் சில வருடம் விலகியிருந்துவிட்டுத் திரும்ப வந்து சேர்ந்துகொண்டார்.

பிறருக்குப் பாட்டு செய்து கொடுப்பது நாலாவது வழி. இது நடுவில் நிற்கும் தம்பிக்கு இல்லை, கீபோர்டு பையனுக்கு. கம்பெனி கைகழுவிய பிறகு வீட்டில் இருந்த வருடங்களில் பார்லோ இதைத்தான் செய்தார்.

உள்ளூர் மேடையைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் பலரும் இதைத் தோற்றவன் வழி மாதிரி பேசுகிறார்கள், எனக்கு அதில் கோபமே வரும். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, கொப்புடையம்மன் திருவிழா, சுற்றிலும் ஊருக்கு ஊர் அம்மன் கோயில், அதற்கு மேல் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கி நடத்துகிறவர்கள், அங்கே வந்து கல்யாணம் செய்கிற வெளியூர்க்காரர்கள். பாடத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிறது. மேடையில் கற்றுக்கொள்வதை எந்த ஸ்டுடியோவிலும் கற்றுக்கொள்ள முடியாது. முன்வரிசையில் பெரியவர்கள் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து எம்.எஸ்.வி. பாட்டு கேட்பார்கள், இரண்டு பாட்டு கழித்துப் பின்னாலிருந்து இளவட்டம் குத்துப் பாட்டு கேட்டுச் சத்தம் போடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி, ஒன்பதே முக்காலுக்கு ஏட்டு வந்து மேடைக்குப் பக்கத்தில் நிற்பார், அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து கைதட்டுகிற மாதிரி எந்தப் பாட்டில் முடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதை இந்தத் தம்பி அழகாகச் செய்வான். தன் குரல் தனக்குக் கேட்க வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் காலால் கொஞ்சம் திருப்பிவிட்டு, எங்கள் பக்கம் பார்த்து ஒரு விரலைக் காட்டுவான், அதற்கு அர்த்தம் அடுத்த பாட்டோடு முடிக்கிறேன், குரலை ஒரு பாயிண்ட் ஏற்று.

குன்றக்குடிக்காரர் வைத்தியநாதன் வயலினில் எவ்வளவு பெரிய வித்துவான். அவரை ஊர் ஊராகக் கொண்டாட வைத்ததில் வலையப்பட்டியாரின் தவிலுக்கும் பங்கு உண்டு. வயலினும் தவிலும் ஒரே மேடையில் மோதிப் பேசிக்கொண்டதைக் கேட்கக் கோயில் வாசலில் கூட்டம் நின்றது. ராபிக்குச் சேம்பர்ஸ் கிடைத்ததை இங்கிலாந்து வரை போய்த் தேட வேண்டியதில்லை, நம் ஊர்க் கோயில் மேடையிலேயே அது நடந்திருக்கிறது.

இந்த வழியின் குறை வருமானத்தின் ஒழுங்கின்மை. மூன்று நாலு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது, மார்கழியில் பஜனைதான், மழைக்காலத்தில் ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் வாங்கியதற்கு மேல் மீதிப் பணத்துக்கு நடக்க வைக்கிறவர்களும் உண்டு. சினிமாப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் பேர் பாட்டுக்குப் போகும், பாடியவனுக்குத் தங்காது. அதனால் ஒவ்வொரு மேடையிலும் சொந்தப் பாட்டு ஒன்றாவது நடுவில் வை, கூட்டம் எந்த வரியில் தலையாட்டுகிறது என்று பார். காசு கொடுத்தாலும் இப்படிச் சோதித்துப் பார்க்க வேறு இடம் கிடைக்காது.

இப்போது அந்தக் கம்பெனித் தாள். தம்பி போனில் அனுப்பினான், நான் படித்தேன், படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டினேன். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க் இரண்டையும் உருவாக்கிய லூ பேர்ல்மேன், குழுவில் தானும் ஓர் உறுப்பினர் என்று கணக்கெழுதிப் பங்கு எடுத்துக்கொண்டவர், இரண்டு குழுவுமே வழக்குப் போட்டுத்தான் மீண்டன. அவர் பிறகு வேறு ஒரு பெரிய முதலீட்டு மோசடியில் 2008இல் 25 வருடச் சிறைத்தண்டனை பெற்று, 2016இல் சிறையிலேயே இறந்தார். அந்தப் பையன்கள் கையெழுத்துப் போட்டபோது இருபது வயதுகூட ஆகாதவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

நம் நாட்டில் சட்டம் பாடகன் பக்கம் ஓரளவு நிற்கிறது, தெரிந்துகொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் அர்த்தம். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. இதனால்தான் கம்பெனித் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா வடிவத்திலும்" என்று மறக்காமல் எழுதியிருப்பார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, அவர்களுக்கு அந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பாடகருக்கும், பாடியது வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி உரிமை உண்டு, அதற்காகப் பாடகர்களே 2013இல் சங்கம் வைத்தார்கள்.

தம்பிக்கு வந்த தாளில் என்னைத் தூக்கிப்போட்டது இரண்டு இடம். ஒன்று, அடுத்த பல ஆல்பங்களுக்கும் அவர்களுக்கே முதல் உரிமை, ஆனால் ஒரு ஆல்பமாவது கட்டாயம் வெளியிடுவோம் என்று எங்குமே இல்லை. இரண்டு, ஒப்பந்தக் காலத்தில் எந்தக் குழுவோடும் பாடக் கூடாது. அதாவது கொப்புடையம்மன் மேடையில்கூட இந்த நாலு பேரோடு நிற்க முடியாது. இந்த இரண்டையும் எடுத்தால்தான் பேசவே உட்காரலாம் என்று பதில் எழுதச் சொன்னேன்.

வங்கித் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பச்சியை எதிரியாக நினைக்க வேண்டாம். ரிக்கி மார்ட்டின் 12 வயதில் மெனூடோ குழுவில் சேர்ந்து 1989இல் வெளியே வந்தார், உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1999 பிப்ரவரி கிராமி மேடையில். நடுவில் பத்து வருடம், அதில் ஸ்பானிய மொழி ஆல்பங்கள் போட்டார், தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். அந்தப் பத்து வருடத்துக்குச் சோறு வேண்டும். தேர்வு எழுது, வேலை கிடைத்தால் காரைக்குடிக்குப் பக்கத்தில் கிடைக்கிறதா பார், சனி ஞாயிறு பாடு. வேலை பார்த்துக்கொண்டு பாடுகிறவன் மோசமான தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டான். ஏ.வி.எம். மெய்யப்பனே 1940களில் இங்கே காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்துப் படம் எடுத்த பிறகுதான் கோடம்பாக்கம் போனார்.

ஆக, தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. இந்த மாதத்துக்குள் ஐந்து பேரும் உட்கார்ந்து சேனல், பெயர், பங்கு மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், சேனலைப் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். கீபோர்டு பையனோடு நீ மட்டும் தனியாக வாரத்தில் இரண்டு மாலை உட்கார், குழுவுக்குப் பொருந்தாத பாட்டுகளைச் செய்யுங்கள். ஆடிக்குள் நாலு பாட்டு தேறினால் அதில் ஒன்றை உன் பெயரில், குழுவின் சேனலிலேயே விடு. அவனோடு தேறவில்லை என்றால் வேறு ஆளைத் தேடு, திருச்சியிலும் மதுரையிலும் மெட்டோடு காத்திருக்கிற பையன்கள் இருக்கிறார்கள். டிராக் பாடக் கூப்பிட்டவருக்குச் சரி என்று சொல், ஒரு தடவை போய்ப் பாடிவிட்டு வா, ஸ்டுடியோ எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், திரும்பி வரும் ரயில் செலவை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள். கம்பெனி அந்த இரண்டு வரிகளை எடுக்க ஒத்துக்கொண்டால் தாளை மறுபடி எடுத்து வா, வக்கீலிடம் நாம் இரண்டு பேருமே போவோம்.